அம்மாவின் கணக்கு நோட்டில் ஓர் இலை: எப்படிக் கேட்பது?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு இப்போது 73 வயது. அவரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் பெய்த மழையில் எங்கள் ஓட்டு வீட்டின் கூரை ஒழுகியதால் பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. உங்களில் யாராவது இதைக் கடந்து வந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் கிராமம். 1985இல் அப்பா இறந்தபோது அக்காவுக்கு 12 வயது, எனக்கு 9, தம்பிக்கு 6. அம்மாவுக்கு 33. அதன் பிறகு முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்த்தான் அவர் எங்களை வளர்த்தார். இது எங்களுக்குத் தெரிந்த கதை. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதும் எங்களுக்குத் தெரிந்ததுதான்.

பெட்டியில் தென்னாற்காடு மாவட்டம் என்று அச்சிட்ட பழைய குடும்ப அட்டை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், எங்கள் மூவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு அடியில், ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றி நான்கு கோடு போட்ட நோட்டுகள் இருந்தன. முதலில் என் பழைய பள்ளி நோட்டு என்றே நினைத்தேன். முதல் சில பக்கங்களில் என் கையெழுத்தில் வாய்ப்பாடு இருந்தது. நான் எழுதாமல் விட்ட பக்கங்களில் அம்மா கணக்கு வைத்திருந்தார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரிந்திருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு நாள். 4, 5, 3 என்று எண்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு சின்னக் கோடு இருந்தால் அரை என்று பொருள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டேன். அன்றன்று உடைத்தெடுத்த பருப்பின் கிலோக் கணக்கு அது. எழுத்துக்குப் பதிலாக அவர் படங்களைப் போட்டிருந்தார். பானை போட்டிருந்தால் அரிசி. சதுரத்துக்குள் குறுக்குக் கோடு இருந்தால் பலகை, அதாவது பள்ளிக்கூடச் செலவு. ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒரு கம்மல் படம் வருகிறது; அது அடகுக்குப் போன நாள். அடுத்த முந்திரிப் பருவம் முடிவதற்குள் எங்கோ ஒரு பக்கத்தில் அதே கம்மல், வட்டத்துக்குள் வருகிறது, மீட்ட நாள். 1986 தொடங்கி 1997 வரை அந்த ஒரே சோடிக் கம்மல் 11 முறை போய் 11 முறை திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மாவின் காதில் வேப்பங்குச்சி இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதைக் காது தூராமல் இருக்கப் போடும் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவைக் கடுமையானவர், கைப்பிடி இறுகியவர் என்றே நாங்கள் மூவரும் எண்ணி வளர்ந்தோம். வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு உடைந்த பருப்பைக்கூட அவர் எங்களுக்கு எடுத்து வந்ததில்லை. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளி அலுவலகத்தில் அவர் கைரேகை வைத்தார். மையில் தொடுவதற்கு முன்பே அந்தக் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது. வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் பார்த்தார்கள். நான் அம்மாவை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன். அவர் அதைக் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நோட்டில் ஒரு படம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. அது ஓர் இலை. நீளமாக, நடுநரம்போடு, பொறுமையாக வரைந்த இலை. அது வரும் நாளில் கிலோக் கணக்கு இருப்பதில்லை. சில மாதங்களில் ஒருமுறைகூட இல்லை. சில மாதங்களில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ச்சியாக வருகிறது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட விரத நாளோ என்று நினைத்தேன். ஆனால் ஆடி மாதத்தோடு அது ஒத்துப்போகவில்லை. விருந்து நாளாக இருக்கலாம் என்றும் தோன்றுகிறது. ஏனென்றால், பண்டிகை எதுவும் இல்லாமலேயே திடீரென்று சில நாட்கள் நாங்கள் வாழையிலையில் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அந்த நாட்களில் அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். அக்கா சோறு பிசைந்து உருட்டித் தருவார். அம்மா சுவரில் சாய்ந்தபடி கதை சொல்வார். என் சிறுவயதில் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவை.

அம்மாவிடம் பொதுவாகப் பழைய கதையைக் கேட்டால், "இன்னாத்துக்கு இப்போ அதெல்லாம்" என்று எழுந்து போய்விடுவார். நோட்டைப் பார்த்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. அவர் மனம் நோகாமல் இதை எப்படிக் கேட்பது? அவருடைய வாழ்க்கையை அவர் வாயால் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


செம்மண் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவும் கொட்டை உடைத்தவர்தான். பண்ருட்டிக்கு இந்தப் பக்கம் முந்திரிக் காடுகள் உள்ள எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஓர் அம்மா இருப்பார்.

அந்த வேலையை நீங்கள் சிறுவயதில் வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். முந்திரிக்கொட்டையின் ஓடு ஒரே அடுக்கு கிடையாது. வெளி ஓட்டுக்கும் உள் ஓட்டுக்கும் நடுவில் தேன்கூடு போன்ற பகுதி இருக்கிறது. அதில்தான் அந்த எண்ணெய் நிறைந்திருக்கும். பெயிண்டுக்கும் வண்டிகளின் பிரேக் கட்டைக்கும் பயன்படும் அளவுக்குக் காரமான எண்ணெய் அது. கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் தட்டும்போது அது விரலில் தெறிக்கும். சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். இரண்டுமே ஓரளவுக்குத்தான் காக்கும். பட்ட இடம் முதலில் கறுக்கும், பிறகு கொப்புளிக்கும், பிறகு தோல் உரியும். கையுறை போட்டால் பாதுகாப்புதான், ஆனால் விரலுக்குக் கொட்டையின் வாகு தெரியாது, பருப்பு பிளந்துவிடும். முழுப் பருப்புக்கு ஒரு மதிப்பு, உடைசலுக்கு வேறு மதிப்பு. பருப்பைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர்கள் வெறும் விரலைக் கொடுத்தார்கள். உங்கள் அம்மா உடைந்த பருப்பைக்கூட எடுத்து வரவில்லை என்றீர்கள். உடைசலும் நிறுத்துத்தான் கணக்காகும்; வீட்டுக்கு எடுத்துப் போனதாக ஒரு சொல் கிளம்பினால் மறுநாள் வேலை இருக்காது. ஒரு பெண் தனியாக நின்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும்போது அந்தச் சொல்லுக்கு அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இலைக்கு என்ன பொருள் என்பதை அவரே சொல்லட்டும். கேட்கும் முறையைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று எதிரில் உட்கார்ந்து கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வாய் வராது. கையில் வேலை இருந்தால் வாய் திறக்கும். மல்லாட்டை உரிக்கும்போதோ, கீரை ஆயும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அந்த வேலையைச் செய்யுங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள். முறத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள் என்பது இன்னொன்று. எந்த ஆண்டு என்றால் "யாருக்குத் தெரியும்" என்பார். 72ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்தபோதா (அது 1982 ஜூலை), இந்திரா காந்தி இறந்த சமயமா, எம்.ஜி.ஆர். இறந்த சமயமா என்று கேளுங்கள். சட்டென்று வந்து விழும். என் அம்மா தம் திருமணம், பிரசவம், கடன் எல்லாவற்றையும் இப்படித்தான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார் என்பது நான் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தானே புயலின்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது, எங்கள் அரைக்காணி முந்திரித் தோப்பில் ஒரு மரம் மிஞ்சவில்லை. கூலிக்கு உடைத்து உடைத்துச் சேர்த்த பணத்தில் அம்மா வாங்கிய நிலம் அது. பலாவும் போயிற்று. அண்ணன் வாசலில் உட்கார்ந்து அழுதார். அம்மா தோப்புக்குள் போய் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். பிறகு வீட்டுக்கு வந்து கொடுவாளை எடுத்துக்கொண்டு போனார். ஈரம் காய்வதற்குள் கிளை கழித்தால்தான் விறகுக்காவது விலை போகும் என்றார். அப்போது அவருக்கு 60 வயது கடந்துவிட்டது. அடுத்த மழைக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்றுகளை அவர் கையாலேயே நட்டார். மரம் காய்க்கும்போது இருப்போமா என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான்தான் கேட்டேன், அவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.


வேதபுரி எழுதியது:

அன்புள்ள கெடிலக்கரை அவர்களுக்கு, நான் புதுச்சேரியைச் சேர்ந்தவன். நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் தந்தை இங்கே ஒரு பஞ்சாலையில் 30 ஆண்டுகள் நெசவுப் பிரிவில் வேலை செய்தவர். அவர் சைகோனில் பிறந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. புதுச்சேரியில் இது அரிதான செய்தியும் கிடையாது. பிரெஞ்சு ஆட்சியில் இங்கிருந்து இந்தோசீனாவுக்குப் படைவீரர்களாகவும் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வணிகர்களாகவும் போன குடும்பங்கள் ஏராளம். 1954இல் பிரான்சு அங்கே தோற்று வெளியேறத் தொடங்கியதும் பல குடும்பங்கள் திரும்பின. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியும் இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்துவிட்டது. ஆக, பிரெஞ்சு ஊரை விட்டுப் புறப்பட்டுப் பிரெஞ்சு ஊருக்குத் திரும்புவதாக எண்ணியவர்கள் வேறோர் ஊரில் வந்து இறங்கினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சான்றிதழுக்காகத் தேடியபோது பாட்டியின் குடும்பக் கையேடு கிடைத்தது. வீட்டில் அதை 'லிவ்ரே' என்போம். பிரெஞ்சில் இருந்தது. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தேன். தாத்தா 1954இல் சைகோனில் இறந்திருக்கிறார். என் தந்தைக்குப் பிறகு மூன்று குழந்தைகள் பிறந்ததாகப் பதிவு இருந்தது. எனக்குத் தெரிந்து இரண்டு அத்தைகள்தான். மூன்றாவது பெயர் ஓர் ஆண் குழந்தையின் பெயர். அதன் எதிரில் இறந்த தேதியும் இருந்தது.

எனக்குப் பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட வேகம். அன்று மாலையே தந்தையின் முன்னால் கையேட்டை விரித்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, இது யார், இது எப்போது, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீதிமன்றத்தில் ஆவணத்தைக் காட்டிச் சாட்சியைக் கேட்பதைப் போல் இருந்திருக்கும். "எல்லாம் அதிலேயே இருக்கிறதே" என்றார் அவர். எழுந்து போய்க் கடற்கரைச் சாலையில் இரவு வரை உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு ஆறு மாதம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவரைப் பேசவைத்தது ஒரு வாசனை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு முன்தினம் ஒரு பெரியம்மா சைகோன் முறையில் 'நெம்' செய்திருந்தார். அரிசித் தாளில் இறைச்சியை வைத்துச் சுருட்டிப் பொரித்து, புதினாவோடு மீன் சாற்றில் தொட்டுச் சாப்பிடுவது. சைகோனிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளில் இன்றும் செய்வார்கள். தட்டைக் கையில் வாங்கியவர் முகர்ந்து பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 9 வயதில், விதவையான தாயும் மூன்று சின்னக் குழந்தைகளும் அவரும் ஏறிய கப்பல். கடல் ஒவ்வாமல் பாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்க, கடைக்குட்டித் தம்பியைப் பாட்டியின் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு, இரண்டு தங்கைகளையும் ஒரே கயிற்றில் தம் இடுப்போடு பிணைத்துக்கொண்டு, தண்ணீருக்கும் கஞ்சிக்கும் மேல்தளத்து வரிசையில் அவர் நின்றிருக்கிறார். அந்தத் தம்பி ஊர் வந்து சேர்ந்த சில வாரங்களில் காய்ச்சலில் இறந்துவிட்டான். முதுகில் அந்தச் சூடு இன்னும் இருப்பதாக என் தந்தை சொன்னார்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அவர் எங்களில் யாரையும் முதுகில் ஏற்றி விளையாடியதில்லை. மற்ற அப்பாக்கள் விளையாடுவார்கள். அன்று இரவு என் தம்பியும் நானும் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகையால் ஐயா, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது பெட்டியிலேயே இருக்கட்டும். அது கிடைத்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு கேட்பது அதைவிடத் தவறு; பெற்றவர்களுக்கு அது எப்படியும் தெரிந்துவிடும்.


பட்டினத்துப்பெண் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் எப்படிக் கேட்பது என்று சொன்னார்கள். கேட்கத்தான் வேண்டுமா என்பதை நான் கேட்க விரும்புகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கரையில் இருந்தார். நான் மஞ்சக்குப்பத்தில் அத்தை வீட்டில் இருந்தேன், தப்பித்தேன். அன்றைய நாளைப் பற்றி அப்பா இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் என்ன செய்தார் என்பதை மற்றவர்கள்தான் சொன்னார்கள். முதல் அலை வாங்கிப் பின்னால் போனதும் எல்லோரும் மேற்கே ஓட, அவர் கிழக்கே போய் இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வந்தார் என்று அடுத்த தெருவில் ஒரு பெரியம்மா சொன்னார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இன்று எங்கள் வீட்டுக்கு எதிரில்தான் குடியிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஊரே கடலில் பால் ஊற்றி மலர் தூவும்போது அப்பா மட்டும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வலையில் கிழிந்த கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருப்பார். எதிர்வீட்டுப் பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுப்பான். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிடுவேன்.

அவர் தூக்க முடியாமல் போன பிள்ளை யாராவது இருந்திருக்கலாம். அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன்? அப்பாவை நான் முழுமையாக மதிக்கிறேன். அதற்கு அவர் எனக்கு எதையும் விளக்கத் தேவையில்லை. உங்கள் அம்மா சொன்னால் கேளுங்கள். எழுந்து போனால், தயவுசெய்து பின்னால் போகாதீர்கள்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு மட்டும். அந்த நோட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டிவிடாதீர்கள். ஈரம் உள்ளே தங்கித் தாள் கெட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு, நோட்டுகளை அதே பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். அம்மா பேச ஒப்புக்கொண்டால், அவரிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். பிறகு எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தி எழுத வேண்டாம். 'மல்லாட்டை' என்று அவர் சொன்னால் அதை நிலக்கடலை ஆக்கிவிடாதீர்கள். அவருடைய குரல் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.


கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன். பட்டினத்துப்பெண் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு கேட்கவே வேண்டாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

நோட்டு கிடைத்ததை மட்டும் வேதபுரி அவர்கள் சொன்னபடி அம்மாவிடம் சொன்னேன். "எலி கடிச்சிருக்குமே" என்றார். அவ்வளவுதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை வாங்கி வந்து முறத்தில் கொட்டி, அவர் பக்கத்தில் நானும் உரிக்க உட்கார்ந்தேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தாமல் நுனியில் அழுத்து என்று சொல்லிக்கொடுத்தார். அப்படியே பேச்சு கொட்டை உடைக்கும் வேலைக்குப் போயிற்று. செம்மண் அவர்கள் சொன்னது அத்தனையும் சரி. முழுப் பருப்பாக எடுப்பதில் அந்தக் கொட்டகையிலேயே தமக்குத்தான் பெயர் என்று அம்மா சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

இலையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே கேட்டார். "நோட்டைப் பார்த்தியே, எல்லாம் புரிஞ்சுதா?" என்றார். இலை மட்டும் புரியவில்லை என்றேன்.

அவை கை வெந்துபோன நாட்கள். விரல்களில் கொப்புளம் உடைந்து, கட்டையைப் பிடிக்க முடியாமல் போகும் நாட்களில், யார் தோட்டத்திலாவது ஒரு தலைவாழை இலை கேட்டு வாங்கி வருவாராம். குருத்துப் பகுதியைக் கிழித்துத் தேங்காயெண்ணெய் தடவி இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு, மிச்ச இலையை வீணாக்குவானேன் என்று எங்களுக்குச் சாப்பிடப் போடுவாராம். சோற்றைத் தொட முடியாததால்தான் அக்கா பிசைந்தார். சுவரில் சாய்ந்திருந்தது, கைகளை மடியில் மேல் நோக்கி வைத்துக்கொள்ள அதுதான் வசதி என்பதால். கைகளின் மேல் முந்தானையைப் போட்டு மூடியிருப்பார். அது எனக்கு நினைவிருக்கிறது. வலியில் முகம் மாறினால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றுதான் கதை சொன்னதாகச் சொன்னார். பேசிக்கொண்டே இருந்தால் பல்லைக் கடிக்க வேண்டியதில்லையாம்.

அந்த நாட்களுக்காக நாங்கள் காத்திருப்போம் என்று அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அம்மா உரித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "தெரியும். நாளைக்கும் போவாதமான்னு தம்பி கேப்பான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பள்ளி அலுவலகத்தில் இரண்டடி தள்ளி நின்றதைப் பற்றியும் பேசினேன். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. எப்படியோ சொல்லி முடித்தேன். அதற்கு அவர் பதில் ஏதும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துத் தோலைப் புடைக்கப் போய்விட்டார். பட்டினத்துப்பெண் அவர்கள் சொன்னபடி நான் பின்னால் போகவில்லை.

அன்று இரவு நெய்வேலியில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். நாங்கள் இருவரும் தூங்கிய பிறகு அடுக்களையில் அம்மாவுக்கு ஊட்டிவிட்டது அக்காதான். தம்பிகளிடம் சொல்லக் கூடாது என்று 13 வயதில் அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம். இத்தனை ஆண்டுகளாக அவர் அதைக் காப்பாற்றியிருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் குடும்பத்தோடு வருகிறார்கள். சந்தையில் தலைவாழை இலை வாங்கி வரும்படி அம்மா சொல்லியிருக்கிறார். சோற்றைத் தாமே பிசைந்து எல்லோருக்கும் உருட்டித் தருவதாகவும், முதல் உருண்டை அக்காவுக்கு என்றும் சொன்னார்.